ஆவுடைத்தங்கம் மெஸ்ஸுக்குள் வந்த றெக்கை

ஆனி பதினொன்றாம் தேதி காலை ஏழரை மணிக்கு, இருநூறு அடி நீளமுள்ள ஒரு காற்றாடி றெக்கை, பருத்திமுக்கு ஊரின் ஒரே வளைவில் திரும்பும்போது வாலை வீசி, ஆவுடைத்தங்கம் மெஸ்ஸின் மேற்குச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் அணைஞ்சபெருமாளின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அணைஞ்சபெருமாள் இலையைக் கொஞ்சம் இடதுபக்கமாக இழுத்துக்கொண்டு, "சட்னி" என்றார்.

கணவாய்க் காற்று வந்து இறங்குகிற இடம் எங்கள் ஊர். சுற்றிலும் பொட்டல் முழுக்கக் காற்றாடிகள் நிற்கும், ஆனால் றெக்கை எதையும் நாங்கள் கிட்டத்தில் பார்த்ததில்லை, ஏனென்றால் அவை எல்லாம் புறவழிச்சாலையில் போய்விடும். அந்த மாதம் புறவழிச்சாலைப் பாலத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்ததால் அது ஊருக்குள் வந்தது, உரித்து வைத்த பனங்கிழங்கு மாதிரி வெள்ளையாய், வழவழப்பாய், அடி பருத்து நுனி சிறுத்து, எண்ணி முடிக்க முடியாத சக்கரங்கள் உள்ள ஒரு டிரெய்லரின் மேல் படுத்துக்கொண்டு.

டிரெய்லர் ஓட்டிவந்தவர் சங்ககிரி செங்கோட்டுவேலு. வயது நாற்பத்துநான்கு. இருபது வருடமாக ஓட்டுகிறார், ஒரு பக்கவாட்டுக் கண்ணாடியைக்கூட உரசியதில்லை. அவர் இறங்கி, றெக்கையின் ஓரமாகவே நடந்து வந்து, ஓர் ஆள் படுத்துக் கிடக்கும் நீளத்துக்கு அதில் விரிசல் ஓடியிருப்பதையும், விரிசலுக்குள்ளிருந்து கண்ணாடி நார் மக்காச்சோளக் குஞ்சம் மாதிரிப் பிதுங்கி நிற்பதையும் பார்த்துவிட்டு, நடுரோட்டில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சுங்க. எம்பட பொழப்பே போச்சுங்க."

ஆவுடைத்தங்கம் கரண்டியோடு வெளியே வந்தாள். நாற்பத்தொரு வயது. பதினாலு வருடம் ஊர் ஊராய்க் கல்யாண மண்டபங்களில் அடுத்தவர் அடுப்பில் வெந்து, அதற்கப்புறம் தானே சாந்து குழைத்துக் கட்டிய மெஸ் அது, செங்கல் செங்கலாக அவளுக்குப் பழக்கம். சுவரைப் பார்த்தாள். றெக்கையைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். கரண்டி மேலே போனது. இப்போது விழும், இப்போது விழும் என்று நாங்கள் எல்லோரும் கண்ணை இறுக்கிக்கொண்டோம். கரண்டி அப்படியே கீழே வந்தது.

"சாப்பிட்டியளா?"

"இல்லீங்க."

"சாப்பிட்டுட்டு வந்து அழுங்க. வெறும் வயித்துல அழுதா பித்தம் ஏறும்."

றெக்கை கம்பெனிக்குப் போன் போட்டால், இழுக்காதே, இழுத்தால் விரிசல் நீளும், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். காற்றுக் காலம் ஆனதால் ஆள் எல்லாம் பொட்டலில் இருந்தார்கள், இரண்டு வாரத்துக்கு யாரும் வரவில்லை. எனவே ஊர் றெக்கையோடு இருக்கப் பழகியது. கிழக்கே வந்த பஸ் றெக்கைக்கு இந்தப் பக்கம் நிற்கும், மேற்கே வந்த பஸ் அந்தப் பக்கம் நிற்கும், ஆட்கள் மட்டும் குனிந்து கடந்து பஸ் மாறிக்கொள்வார்கள். அதன் நிழலில் முதல் நாளே மல்லிப்பூக் கடை ஒன்றும், இரண்டாம் நாள் சீட்டு விளையாட்டு ஒன்றும் வந்துவிட்டன.

இரண்டாம் நாள் வெயில் ஏறியபோதுதான் விரிசலின் இரண்டு உதடுகளும் ஈரமானதை வேலு பார்த்தார். தேன் நிறத்தில் ஒரு பிசின் உள்ளிருந்து ஊறி, சொட்டாமல், விரிசலின் வழியாகவே நடந்து போய், பிதுங்கிய நாரையெல்லாம் தாய் பிள்ளைக்குத் தலை கோதுவதுபோல் உள்ளே படியவைத்து, உச்சி வெயிலில் இறுகியது. மூன்றாம் நாள் அங்கே ஒரு தழும்பு மட்டும் இருந்தது. நான்காம் நாள் அதுவும் இல்லை. வேலு அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, எங்களிடம் வந்து, "தானாக் கூடிருச்சுங்க" என்றார்.

"முருங்கைக் கொப்பை ஒடிச்சா பிசின் வரும்லா," என்றார் அணைஞ்சபெருமாள். "அது மாதிரிதான்."

அது மாதிரிதான் என்று ஊரும் ஒத்துக்கொண்டது.

விரிசல் கூடிய கணக்காய், ஆவுடைத்தங்கத்தின் சுவரும் றெக்கையைச் சுற்றி அடைபட்டது. செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே வெள்ளை நரம்புகள் ஓடின. சுவரைத் தொட்டுக்கொண்டு நின்ற பெஞ்சின் உடைந்த கால் சேர்ந்தது. பெஞ்சின் மேல் மறந்து வைத்துப்போன மூக்குக்கண்ணாடியில் கீறல் மறைந்தது. செய்தி அன்று மாலைக்குள் ஏழு ஊர் போனது.

அப்புறம் வந்தார்கள். ஒழுகுகிற வாளி, பிளந்த கிரிக்கெட் மட்டை, முகம் நொறுங்கின செல்போன், வாய் உடைந்த நெல்லுக் குலுக்கை, நடுவில் கீறின அம்மி, எல்லாம் வந்தது. வாளியை றெக்கையோடு சாய்த்துவைத்துவிட்டு ஒரு காப்பி குடித்து வந்தால் வாளி ஒழுகாது. பெண்கள் பித்தவெடிப்பு விழுந்த குதிகாலை றெக்கையில் பதித்துக்கொண்டு, முப்பது பேர் வரிசையாக, முதுகைக் காட்டிக்கொண்டு, கம்மாயில் கொக்கு நிற்பதுபோல் ஒற்றைக் காலில் நின்று கதை பேசினார்கள், பாதம் பூப்போல் ஆனதும் காலை மாற்றிக்கொண்டார்கள். காய்ச்சலுக்கும் கவலைக்கும் அது ஒன்றும் செய்யவில்லை. உடைந்தது, கீறினது, பிளந்தது, இவை மட்டும்தான் அதற்குத் தெரிந்தது. அந்த நாட்களில் ஊரில் யாருக்கும் கை நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. வீட்டில் இனி உடைந்தது ஒன்றும் இல்லை என்று ஆனபிறகும், சிலர் வேண்டுமென்றே தட்டை உடைத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஆனால் எது உடைசல், எது வாசல் என்கிற வித்தியாசம் றெக்கைக்குத் தெரியவில்லை.

முதலில் ஆவுடைத்தங்கத்தின் இட்லித் தட்டுகள் போயின. இரவு சுவரோரம் கவிழ்த்துவைத்தவற்றைக் காலையில் வெயிலேறி எடுத்தால் ஓர் ஓட்டை இல்லை, நிலா மாதிரி முழுசாக இருந்தன. இடியாப்ப அச்சு அடைந்தது. சல்லடை தாம்பாளமாயிற்று. குதிகால் ஆற நின்ற புதுப்பெண் ஒருத்தி தலையைச் சாய்த்து வைத்தாள், காது குத்திய துளை தூர்ந்து கம்மல் கையோடு வந்தது. சட்டையோடு சாய்ந்து தூங்கிய பலசரக்குக் கடைக்காரருக்குப் பொத்தான் துளைகள் மட்டுமல்ல, கைப்பக்கமும் கழுத்துப்பக்கமும் கூடத் தைக்காமல் மூடத் தொடங்கி, கத்திரியோடு நாலு பேர் வந்து அவரைப் பிறக்கவைக்க வேண்டியதாயிற்று. அணைஞ்சபெருமாள் தன் நாதஸ்வரத்தில் விழுந்த ஒரு மயிரிழைக் கீறலுக்காக அதைச் சாய்த்துவைத்தார். கீறல் போயிற்று, ஏழு துளையும் போயிற்று. மறுநாள் முகூர்த்தத்தில் அவர் ஊதினார், ஊதினார், கன்னம் இரண்டும் பூசணியாய் உப்பியது, சத்தம் வரவில்லை. தவில்காரர் ஒருவரே அந்தக் கல்யாணத்தை நடத்தி முடித்தார்.

பஞ்சாயத்து கூடி, 'கீறல் மட்டும் கொண்டுவரவும், துளையுள்ள பொருள் கூடாது' என்று பலகை எழுதி மாட்டியது. நாங்களும் அப்படியே நடந்துகொண்டோம்.

ஆனால் சுவருக்குப் பலகை படிக்கத் தெரியுமா? மெஸ்ஸின் புகைபோக்கும் துவாரம் ஒருநாள் மூடியது. அப்புறம் ஜன்னல். அப்புறம் வாசல் சுருங்க ஆரம்பித்தது. இரண்டு பேர் பேசிக்கொண்டே நுழைகிற வாசல் ஒருவர் நுழைகிற வாசலானது, அப்புறம் பலசரக்குக் கடைக்காரர் பக்கவாட்டில் நுழைகிற வாசலானது.

வேலு அதற்குள் மெஸ்ஸில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, இலை எடுத்து, பதினைந்து நாளில் கடை ஆளாகியிருந்தார். அன்று சாயங்காலம் ஆவுடைத்தங்கம் இரண்டு கையையும் விரித்து வாசலை அளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார். அவள் அழவில்லை. அழுகிறவர்களைவிட மோசமாக நின்றாள்.

"நாமளே கட்டுன கட்டடம்," என்றாள். "நம்மளையே வெளிய தள்ளிக் கதவடைக்குது, பாத்தியளா?"

"என்னாலதானுங்க."

"உங்களால சுவருலதான் ஓட்டை விழுந்துது. அதை அடைக்கேன் அடைக்கேன்னு இது என் வாசலையே அடைக்குது. ஓட்டையே தேவலை."

கம்பெனியிலிருந்து அறுக்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். றெக்கை உதவாது, மூன்றாக அறுத்து எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். வேலுவின் முகம் சுண்டிப்போனது, ஏனென்றால் அறுத்த றெக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சக்கரவாளை ஓட்டினார்கள். பொடி பறந்து இருவரும் உடம்பெல்லாம் அரித்துக் குதித்தார்கள். காலையில் அறுத்தது மத்தியான டீக்குள் கூடிவிட்டது. மறுநாளும் அறுத்தார்கள், மறுநாளும் கூடியது. மூன்றாம் நாள் வாளின் பற்களே கூடி, அது ஒரு வட்டத் தகடாகிவிட்டது. அவர்கள் அதை ஆவுடைத்தங்கத்திடம் கொடுத்துவிட்டு, சொறிந்துகொண்டே பஸ் ஏறினார்கள். அவள் சாம்பார் அண்டாவை அதனால் மூடினாள். சரியாக இருந்தது.

அதற்கப்புறம்தான் கம்பெனி எஞ்சினியர் ஷைனி ரோஸ் வந்தது. மார்த்தாண்டத்துப் பெண். கைப்பெட்டியில் சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருந்தது. றெக்கை நெடுகத் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருநூறு அடியும் நடந்தது, ஊரும் பின்னால் நடந்தது. எங்கேயும் உடைசலின் பொக்கைச் சத்தம் இல்லை.

"வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்துல இப்படிச் செஞ்சு பாக்காங்க," என்றது ஷைனி. "பிசினுக்குள்ள கடுகைவிடச் சின்னதா குமிழ் குமிழா மருந்து வைப்பாங்க. விரிசல் ஓடுறப்ப குமிழ் உடையும், மருந்து கசிஞ்சு விரிசலை நிரப்பும், இறுகும். சில பேரு ரத்தக்குழாய் மாதிரி குழாயே வச்சுப் பாக்காங்க. ஆனா அதெல்லாம் கையகலத் துண்டு."

"அப்போ இது அந்த ரகமா?" என்று கேட்டார் அணைஞ்சபெருமாள்.

"இல்ல. இதுல குமிழும் இல்ல, குழாயும் இல்ல. கண்ணாடி நார், பிசின், நடுவுல கட்டை. சாதா றெக்கை."

"பொறவு எப்படி?"

"தெரியலை," என்று சொல்லிவிட்டு ஷைனி டீயை ஊதிக் குடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதனால் அந்தப் பெண்ணை எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

ஆவுடைத்தங்கம் அடுப்படியிலிருந்தே பேசினாள். "எனக்கு ஒண்ணு தெரியும். கூட்டம் வார நாளெல்லாம் என் வாசல் ஒரு நூல்கூடச் சுருங்கலை. ஞாயித்துக்கிழமை கடை அடைச்சேன். நாலு விரக்கடை போயிட்டு."

ஷைனி டீ தம்ளரைக் கீழே வைத்தது. "அக்கா, திரும்பச் சொல்லுங்க."

"ஆளு போக வர இருந்தா அடையலை. சும்மா கெடந்தாத்தான் அடையுது."

"ரெண்டு உதடும் தொட்டுக்கிட்டு அசையாம இருந்தாத்தான் ஒட்டும்!" ஷைனி எழுந்தே நின்றுவிட்டது. "இறுக நேரம் வேணும். ஆட்டிக்கிட்டே இருந்தா நேரம் கிடைக்காது. அறுத்தது அறுத்தபடியே நிக்கும்."

"அப்போ றெக்கைய ஆட்டோணுமுங்களா?" என்றார் வேலு.

"ஆமா, அறுக்க வேண்டாம், றெக்கை நல்லாத்தான் இருக்கு. சுத்திச் சுவரை மட்டும் கீறி, நிறுத்தாம ஆட்டணும். ஒரு மூச்சு நின்னாலும் ஒட்டிரும்."

ஆள் சேர்த்து றெக்கையை ஆட்டி எடுக்கிறவரைக்கும் வாசல் திறந்திருக்க வேண்டுமே. அதனால் ஊரே அந்த வாசல் வழியாக நடந்தது. காலையில் வெயில் ஏறினதிலிருந்து இறங்கும்வரை, முன்வாசலில் நுழைந்து அடுப்படி வழியாகப் பின்பக்கம் போய், சுற்றி வந்து மறுபடி முன்வாசல். பள்ளிக்கூடம் வகுப்பு வகுப்பாக வந்தது, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே நடந்தது. ஆடுகள் வந்தன. பஸ் மாறுகிறவர்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பஸ் மாறினார்கள். கண்டக்டர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த கூட்டம் ஒன்று தெரியாமல் வரிசையில் மாட்டி, ஐந்து சுற்று சுற்றி, தலை கிறங்கி, வரிசையில் முன்னால் நடந்த பெண்ணையே நிச்சயம் செய்துவிட்டுப் போனது, விசாரித்தால் அவர்கள் பார்க்க வந்த பெண்ணும் அவள்தான்.

ஆடி மூன்றாம் தேதி றெக்கையை எடுப்பது என்று ஆனது. அன்றைக்குக் காற்று அம்மியைத் தேடிக்கொண்டு வந்தது. றெக்கையின் இடுப்பில் வடம் கட்டி, தெற்கே இருநூறு பேர், வடக்கே இருநூறு பேர். கொத்தனார் உளியோடு சுவரருகே. வேலு வண்டியில். ஆவுடைத்தங்கம் மெஸ்ஸுக்கு உள்ளே, சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக்கொண்டு.

"நீங்க வெளிய வாங்க," என்றார் வேலு வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து. "அதிகமா இழுத்துப்புட்டா கட்டடமே உக்காந்துருமுங்க."

"உள்ள இருந்து சொல்ல ஆளு வேணும்லா. எவ்வளவு இழுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கை நடுங்குதுங்க."

"உங்க கை நடுங்காதுன்னு நெனச்சா நான் உள்ள நிப்பனா? நடுங்குத கையிதான் மெள்ள இழுக்கும். போங்க."

துளை தூர்ந்த நாதஸ்வரத்தைத் துளைபோட்டு வாங்கி வந்திருந்த அணைஞ்சபெருமாள் ஊத, தெற்கு இழுத்தது, வடக்கு விட்டது, வடக்கு இழுத்தது, தெற்கு விட்டது. றெக்கை முதலில் அசையமாட்டேன் என்றது, அப்புறம் ஒரு நூல் அசைந்தது, அப்புறம் ஒரு விரல், அப்புறம் தொட்டிலானது. காற்றும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. இழுக்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, வடம் வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அது போனது, நானூறு பேரும் வயிற்றைப் பிடிக்கக் கை இல்லாமல் சிரித்துக்கொண்டே ஆட்டினார்கள். கொத்தனார் கீறிய கீறல் கூடவில்லை. பிசின் ஊறும், உதடு விலகும், பிசின் ஏமாந்து திரும்பும்.

"வாங்க!" என்றாள் ஆவுடைத்தங்கம் உள்ளேயிருந்து. வண்டி ஒரு சாண் போனது. "வாங்க, வாங்க, நில்லுங்க! செங்கலு முனகுது. இப்ப வாங்க. மெள்ள. ஏ, மெள்ளன்னு சொல்லுதேம்லா!"

"மெள்ளத்தானுங்க வர்றேன்!"

"இன்னும் மெள்ள!"

மத்தியானம் ஒரு மணிக்கு, நெல்லை மூட்டையிலிருந்து கொட்டுவதுபோல் ஒரு சத்தத்தோடு, றெக்கை வெளியே வந்தது. கட்டடம் நின்றது. வாசல் நின்றது. ஆவுடைத்தங்கம் தலையெல்லாம் சுண்ணாம்பாக, தும்மிக்கொண்டு நின்றாள். ஆனால் றெக்கையின் நுனியில் கதவகலத்துக்கு அவள் சுவரும் கூடவே போயிருந்தது, பச்சைச் சுவர், அதில் சிவப்பு எழுத்தில் 'சாப்' என்று இருந்தது. மெஸ்ஸின் வெளிச்சுவரில் எழுதியிருந்த 'சாப்பாடு தயார்' அப்படிப் பிய்ந்திருந்தது. உளியால் தட்டிப் பார்த்தார்கள், தட்டத் தட்ட ஒட்டிக்கொண்டது.

ஷைனி தலையைச் சொறிந்தது. "ஒரு காத்தாடியில மூணு றெக்கையும் ஒரே எடை இருக்கணும். இல்லன்னா ஆட்டமாடி விழுந்துரும். இதுல இவ்வளவு சுவரு ஏறியாச்சு. மத்த ரெண்டுலயும் இதே எடைக்கு ஏதாவது ஏத்தணும்."

எல்லோரும் ஆவுடைத்தங்கத்தைப் பார்த்தோம். அவள் மிச்சம் நின்ற சுவரைப் பார்த்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாதிச் சுவரை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? எடுத்துட்டுப் போங்க."

றெக்கையிலிருந்து ஒரு கிண்ணம் பிசின் வழித்தெடுத்து, பொட்டலில் காத்துக் கிடந்த மற்ற இரண்டில் 'பாடு' ஒரு றெக்கையிலும் 'தயார்' இன்னொரு றெக்கையிலும் ஒட்டினார்கள். 'எடை சமன் செய்யப்பட்டது, ஓட்டுநர்மேல் குறை இல்லை' என்று ஷைனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. வேலு அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார். போகும்போது எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஆவுடைத்தங்கத்திடம் மட்டும் என்ன சொல்வது என்று தெரியாமல், ஹாரனை அடித்தார். அது மிக நீளமான ஹாரனாக இருந்தது. அவள் மாவு ஆட்டப் போய்விட்டாள்.

ஆடிப்பெருக்கு அன்று காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. காற்று மெதுவாக இருந்தால் வானத்தில் சாப், பாடு, தயார் என்று படிக்கலாம், வேகமாக அடித்தால் படிக்க முடியாது, ஆனாலும் பார்த்தவர்களுக்குப் பசித்தது. எட்டு மைலுக்கு அப்பால் வயலில் நின்றவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்து, மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பருத்திமுக்குக்கு நடந்தார்கள். மெஸ்ஸில் உட்கார இடமில்லை. மேற்கே சுவரும் இல்லை. கணவாய்க் காற்று முழுசாக உள்ளே வந்து இலையைத் தூக்கியது, அப்பளத்தைப் பட்டமாக விட்டது, ரசத்தில் அலை எழுப்பியது, ஆவுடைத்தங்கம் நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக்கட்ட முயன்று, ஒரு மூலையைப் பிடித்தால் மறு மூலை பறக்க, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ வந்து பறக்கிற மூலையைப் பிடித்தார்கள்.

கையில் ஒரு பையோடு செங்கோட்டுவேலு நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார்.

"வண்டி எங்க?" என்றாள்.

"வேற ஆளு எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

"ஊருக்குப் போவலையா?"

"போனனுங்க. போயிட்டு வந்துட்டனுங்க."

அவள் அவரைப் பார்த்தாள். தார்ப்பாய் இருவருக்கும் நடுவே வயிறு உப்பி அடங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் இலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அப்போ அந்த மூலைய விடாமப் பிடிங்க," என்றாள்.

"எவ்வளவு நேரமுங்க பிடிக்கோணும்?"

"காத்து நிக்க வரைக்கும்."

வேலு மேற்கே திரும்பிப் பார்த்தார். "காத்து எப்பங்க நிக்கும்?"

புரட்டாசி முடியாமல் அது நிற்காது என்பதும், நின்றாலும் அடுத்த ஆனியில் மறுபடி வந்துவிடும் என்பதும் எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்கள் குனிந்து சோற்றைப் பிசைந்தோம். அணைஞ்சபெருமாள் மட்டும், "இப்ப நின்னுரும், இப்ப நின்னுரும்" என்றார். வேலு பையைக் கீழே வைத்துவிட்டு, எட்டி, இன்னொரு மூலையையும் பிடித்துக்கொண்டார்.